சூடம் அணைப்பதற்கு முன் திறந்த எஞ்சின்

உடைந்த வண்டி பட்டறைக்குத் தனியாக வருவதில்லை. பின்னாலேயே ஒரு குடும்பம் வரும். யார் மீது குற்றம் என்பதை அந்தக் குடும்பம் வரும் வழியிலேயே முடிவு செய்திருக்கும். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு நாம் தலையாட்டினால் போதும் என்று நினைப்பார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நான் ஒரு சின்னக் காரிடம் கற்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். சங்ககிரியில் லாரிப் பட்டறை, புனேயில் டெம்போ பட்டறை, அப்புறம் ஷார்ஜாவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ரேஸ் வண்டிகள். ஓர் இடத்தில் சோறு சரியில்லை, ஓர் இடத்தில் சம்பளம் வரவில்லை. இரண்டும் சரியாக இருந்த இடத்திலும் எனக்குக் கால் நிற்கவில்லை. இடுப்பு போன பிறகு ஊர் திரும்பி, அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். போன வருஷம் அதையும் மூடியாயிற்று.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வைகாசி மாதக் காலையில் இந்தக் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பார்க்க சாதாரணச் சின்னக் கார். ஆனால் உள்ளே சூப்பர்சார்ஜர் வைத்துக் கட்டியிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எஞ்சின் பெல்ட்டிலேயே சுழன்று, எஞ்சின் தானாக இழுப்பதைவிட அதிகமான காற்றை உள்ளே திணிக்கும் ஊதுகருவி அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வேகம் கூடும். மெதுவாகப் போனாலும் விசில் மாதிரிக் கத்திக்கொண்டேதான் போகும்.

காரின் சொந்தக்காரன் கார்த்தி. அவனுடைய அப்பா அருப்புக்கோட்டையில் விதை, உரக் கடை வைத்திருப்பவர். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் நிலமும் உண்டு. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கார்த்தியின் மனைவி செல்வி, திருச்சுழிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்துப் பெண். பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்காக அவளுடைய அண்ணன் முத்து, மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கி இந்தக் காரை ஓட்டி வந்தான். முந்தின நாள் திருச்சுழி ரோட்டில் எஞ்சின் வெடித்தது. ஆயில் ரோடெல்லாம் கொட்டி, சூடான புகைக்குழாயில் பட்டுப் புகை மண்டி, அண்ணனும் தங்கையும் கதவைத் திறந்து குதித்திருக்கிறார்கள். டீக்கடையில் இருந்தவர்கள், 'வண்டி கத்திக்கிட்டே பறந்து வந்துச்சு' என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு அது போதும். முத்து வெறித்தனமாக ஓட்டித்தான் வண்டியைக் கெடுத்தான் என்று முடிவு செய்துவிட்டார். முத்து இல்லை என்றான். அப்படியென்றால் கருப்பன் கோயிலில் சூடம் அணைக்கட்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன வார்த்தை இல்லை. கருப்பசாமி முன்னால் சூடத்தை ஏற்றி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்று நம்புகிறோம். களவு போன இடத்தில் கேட்பார்கள், நிலத் தகராறில் கேட்பார்கள். பெண் எடுத்த வீட்டில் கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டால் உறவு அதோடு முடிந்தது.

செல்வி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டாள்: 'எங்கண்ணன் சூடம் அணைச்சா, அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுக்கு வரல.'

அப்படி ஒரு நிலையில்தான் கார் என்னிடம் வந்தது. அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் சூடப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. கார்த்தி கைகட்டித் தகரத்தில் சாய்ந்து நின்றான். செல்வி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். முத்து யார் பக்கத்திலும் நிற்கவில்லை.

"ஏப்பா, தெறந்து பாத்து உள்ளதச் சொல்லு," என்றார் அண்ணாச்சி. "கோயில்ல சொல்லி வச்சிருக்கேன். மத்தியானத்துக்குள்ள போகணும்."

"அண்ணாச்சி, இது எஞ்சின். இட்லிக் கொப்பரை இல்ல. மூடியத் தூக்குன ஒடனே வெந்துச்சா வேகலையான்னு சொல்ல முடியாது."

"சரிதான். வெந்ததா இல்லையாங்கறது எனக்கு முன்னமே தெரியும். நீ சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஷார்ஜாவில் எத்தனையோ உடைந்த எஞ்சின்களைப் பார்த்தவன்தான். ஆனாலும் டார்ச்சை அடித்து இரண்டாம் முறையும் பார்த்தேன். எஞ்சின் பிளாக்கின் பக்கச் சுவரில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று இரண்டாக முறிந்து, முறிந்த துண்டு சுவரைக் குத்திக் கிழித்து வெளியே வந்திருந்தது. அந்தத் துண்டு கொஞ்சம் மேலே பாய்ந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். டயர் மேல் உட்கார்ந்திருந்த செல்வியின் பாதங்கள் மட்டும் எனக்கு அடியிலிருந்து தெரிந்தன.

கை கழுவத் தண்ணீர் டிரம் பக்கம் போனபோது முத்து பின்னாலேயே வந்தான். அண்ணாச்சிக்குக் கேட்காத தூரம்.

"அண்ணே," என்றான். "நான் மிதிச்சேன்."

நான் டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டேன்.

"ஒரு பஸ்ஸு முன்னால போய்க்கிட்டே இருந்துச்சு. புழுதிய வாரி எறைச்சுக்கிட்டு வழியே விடல. முந்துறதுக்காக முழுசா மிதிச்சேன். மாமாகிட்ட பயத்துல இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப சூடத்த எப்பிடிண்ணே அணைப்பேன்?"

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவதாண்ணே முந்தச் சொன்னா."

செல்வியின் கோபத்துக்கு என்ன காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் அண்ணனை நம்பிப் பேசவில்லை. அண்ணன் பொய்ச் சத்தியம் செய்துவிடக் கூடாது என்று பேசினாள். அணைத்தால் சாமி குற்றம், அணைக்க மறுத்தால் செய்த குற்றம் உறுதி. இரண்டு பக்கமும் அவள் வாழ்க்கை இருந்தது.

தம்பிகளே, மறைக்காமல் சொல்கிறேன். அந்த டிரம் பக்கத்தில் நின்றபடியே பொய் சொல்ல முடிவு செய்துவிட்டேன். 'ராடு வார்ப்பிலேயே கோளாறு, யார் ஓட்டியிருந்தாலும் உடைந்திருக்கும்' என்று சொல்லிவிடலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பொய் சொல்வதற்கும் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டுமே. பிரித்தேன்.

கழற்றிய கதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம், அது கை வேலை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மிதித்து மிதித்தே எஞ்சின் செத்திருந்தால் அதற்கென்று தடயங்கள் இருக்கும். வால்வு போய் பிஸ்டனைக் குத்தியிருக்கும், இல்லை பேரிங் நீலமாக வெந்திருக்கும், இல்லை பிஸ்டன் உச்சி உருகியிருக்கும். ஒன்றுகூட இல்லை. முறிந்த ராடை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் ஒரு பாதி புதிதாகப் பளபளத்தது. மறு பாதி கறுத்து, ஆயில் ஊறி, மழுங்கிப் போயிருந்தது. அந்தப் பாதி நேற்று உடைந்தது இல்லை.

அடுத்து சிலிண்டர்களைப் பார்த்தேன். பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சிக்கு மேலே சுவரில் கரி ஒரு வளையம் கட்டும். எல்லா சிலிண்டரிலும் அந்த வளையம் ஒரே அகலம் இருக்க வேண்டும். இதில் முறிந்த ராடின் சிலிண்டரிலும் பக்கத்து சிலிண்டரிலும் வளையம் அகலமாக இருந்தது. அந்த இரண்டு பிஸ்டனும் கொஞ்ச காலமாகவே உச்சிவரை ஏறவில்லை. அதாவது ராடுகள் முன்பே வளைந்து குட்டையாகியிருக்கின்றன. கரி ஒரு நாளில் படிவதில்லை. இந்த எஞ்சின் பல வாரங்களாக வளைந்த காலோடு ஓடியிருக்கிறது.

முன்னால் போன பஸ், புழுதி, முழு மிதி எல்லாம் ஒரு நொடியில் அர்த்தமில்லாமல் போயின. நான் சொல்லத் தயாராயிருந்த பொய்யும் போனது. ஆனால் அதைவிடப் பெரிய குழப்பம் வந்து உட்கார்ந்தது. கனெக்டிங் ராடு வளைவதற்கு எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம் ஒன்றுதான். தண்ணீர். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து, மேலே பிஸ்டன் ஏறினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ராடு விட்டுக்கொடுக்கும்.

"கார்த்தி, வண்டியத் தண்ணிக்குள்ள எறக்குனியா? கம்மாய், ஓடை, எங்கயாச்சும்?"

கார்த்தி அன்று முதல்முறையாகச் சிரித்தான். "என்னண்ணே கேக்குறீக. குண்டாத்துல குருவி குளிக்கத் தண்ணி இல்ல. மழ பேஞ்சே எம்புட்டு மாசமாச்சு."

அண்ணாச்சியும் சிரித்தார். "ஷார்ஜாவுல வெயிலு சாஸ்தியோ? கரிசக்காட்டுல காரு தண்ணியில முங்கிச் செத்துச்சாம்ல."

எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. காற்று எங்கிருந்து உள்ளே போகிறது என்று பின்தொடர்ந்து போனேன். காற்று வடிகட்டி முன் பம்பருக்கு உள்ளே, ரோட்டிலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் மாற்றிக் கட்டியவர் சூடில்லாத காற்று கிடைக்கட்டும் என்று அங்கே இறக்கியிருக்கிறார். அது தப்பில்லை, நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். வடிகட்டியைக் கழற்றினேன். புழுதி அப்பியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்த குழாயில் வேஸ்ட் துணியை விட்டுத் துடைத்தேன். மஞ்சளாக வந்தது. அதையும் புழுதி என்றே நினைத்தேன்.

கை கழுவச் சோப்புத்தூளை எடுத்துத் தேய்த்தேன். நுரை சிவந்தது. கையை எங்கோ கிழித்துக்கொண்டேன் என்று பதறிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கழுவக் கழுவ உள்ளங்கையெல்லாம் ரத்த நிறம். அந்தத் துணியை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் வேறொரு வாசனை. கழற்றி வைத்த வடிகட்டியின் மடிப்புக்குள் விரலை விட்டபோது ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு காய்ந்த வேப்பிலை.

 தண்ணீர் வானத்திலிருந்தும் வரவில்லை, கண்மாயிலிருந்தும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், தம்பிகளே. கண்டுபிடித்த சூட்டில் கத்திவிடக் கூடாது. கத்தினால் அண்ணாச்சி முத்துவை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடிப்பார். முதலில் கேட்க வேண்டும். துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டேன்.

"செல்வி, பங்குனிப் பொங்கலுக்கு ஒங்க ஊருக்கு கார்த்தி இந்தக் காருலயாம்மா வந்தாப்ல?"

அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். "ஆமாண்ணே. மாமாவும் வந்தாக."

"மஞ்சத் தண்ணி ஊத்துனப்ப கார்த்தி எங்க இருந்தாப்ல?"

எங்கள் பக்கத்தில் அம்மன் பொங்கல் முடிகிற அன்று முறைக்காரர்கள் மேல் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். கொழுந்தியாமாருக்கு அன்று மாப்பிள்ளை கிடைத்தால் குடத்தோடு துரத்துவார்கள்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலையிலும். "சட்டை புதுசுன்னு காருக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாக. கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியப் போட்டுக்கிட்டு. என் தங்கச்சி விடுவாளா? மாமன் வெளிய வரலன்னா வண்டியக் குளிப்பாட்டுவோம்னு நாலஞ்சு பொம்பளப்பிள்ளைக சேந்து முன்னால கொடங்கொடமா…"

பாதியில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"வண்டி நின்னுபோச்சு," என்றான் கார்த்தி மெதுவாக. "அன்னைக்கு ஆஃப் ஆயிருச்சுண்ணே."

அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு தாங்க."

"வெத்தல போடப் போறியா?"

"இல்ல. இந்தத் துணியில நீங்களே தடவுங்க."

அவர் விரலில் இருந்த சுண்ணாம்பைத் துணியில் வைத்துத் தேய்த்தார். மஞ்சள் கறை அவர் கண் முன்னால் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்தது. வாய் மெல்லுவதை நிறுத்தினார். வேப்பிலையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"எஞ்சினுக்குக் காத்துப் போற வழியில இருந்து எடுத்தது. வெயில் படாத எடம், அதான் இத்தன நாளும் மஞ்சக் கறை வெளுக்கல."

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, கரி வளையத்தைக் காட்டி, முறிந்த ராடின் பழைய பாதியையும் புதிய பாதியையும் காட்டினேன். இந்த எஞ்சின் பங்குனியிலேயே செத்துவிட்டது, நேற்று விழுந்தது மட்டும்தான் என்றேன்.

அண்ணாச்சி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் பயந்த இடத்துக்கு வந்தார்.

"அப்ப அவுக வீட்டுப் பிள்ளைக ஊத்துன தண்ணிதானப்பா கெடுத்தது."

செல்வியின் முகம் வெளிறியது. அவள் அண்ணன் தப்பித்தான், குடம் தூக்கிய தங்கச்சி மாட்டினாள்.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "தண்ணி போனதால எஞ்சின் நின்னுச்சு. நின்ன எஞ்சின் பொழைச்சிருக்கும். ஸ்பார்க் பிளக்கக் கழட்டித் தண்ணிய வெளிய விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. உள்ள தண்ணிய வச்சுக்கிட்டே வலுக்கட்டாயமா சுத்துனாத்தான் ராடு வளையும். சாவியத் திருப்புனா மட்டும் இப்பிடி வளையாது. யாரோ கியர்ல போட்டுத் தள்ளியிருக்காக. தள்ளுறப்ப உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு," என்றான் கார்த்தி. அவன் குரல் அடங்கிவிட்டது. "முளைப்பாரி ஊர்வலம் பின்னால வந்துருச்சு. தெருவ மறிச்சுக்கிட்டு நிக்குதேன்னு பயலுக சேந்து தள்ளுனாங்க. செகண்டு கியர்ல கிளச்ச விட்டேன். டொக்குன்னுச்சு. ஸ்டார்ட் ஆயிருச்சு. அப்பலருந்து லேசா நடுங்கும்…"

"தள்ளச் சொன்னது யாரு?"

இதை நான் தெரிந்து கேட்கவில்லை. கார்த்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கார்த்தி தரையைப் பார்த்தான். முத்து தரையைப் பார்த்தான். செல்வி முந்தானையைச் சரி செய்தாள்.  மேலே தகரம் வெயிலுக்கு முறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணாச்சி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நாந்தான்," என்றார். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நானும் சேந்துதான் தள்ளுனேன்."

உட்கார்ந்தார். நாற்காலி அவருக்குப் பின்னால் இல்லாமல் இருந்தால் விழுந்திருப்பார். சட்டைப் பையிலிருந்த சூடப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் பிடிபட்டவன் முகம் இல்லை அது. தெரிந்த தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று தரை இல்லாமல் போனவன் முகம்.

அப்போதுதான் செல்வி பேசினாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அண்ணன்தான் தப்பித்துவிட்டானே.

"மாமா, அண்ணன் நேத்து வேகமாத்தான் ஓட்டுச்சு. பஸ்ஸ முந்தச் சொன்னது நாந்தான்."

"முழுசா மிதிச்சேன் மாமா," என்றான் முத்து. "ஒங்ககிட்ட இல்லன்னு சொன்னது பொய்யி."

 இத்தனை பாடுபட்டு மூடிய கதவை இவர்களே திறக்கிறார்களே என்று இருந்தது. அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரித்துப் போட்டிருந்த சூப்பர்சார்ஜரைப் பார்த்தார்.

"மிதிக்கிறதுக்குத்தான அதக் கோயம்புத்தூரு வரைக்கும் போய்க் கட்டிக்கிட்டு வந்தான் இவன்," என்றார். "மிதிக்காம என்ன செய்வாக."

எழுந்தார். "கருப்பன்கிட்ட வாய விட்டாச்சு. யாராச்சும் போய் நின்னாகணும். நான் போறேன். நீயும் வாரியாம்மா?"

"கோயிலுக்கு வாரேன் மாமா," என்றாள் செல்வி. "வீட்டுக்கு வாரதப் பத்தி அங்க வச்சுச் சொல்றேன்."

ஒரு ஷேர் ஆட்டோவில் நான்கு பேரும் ஏறிப் போனார்கள். அண்ணாச்சி முத்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோயிலில் நடந்ததைப் பின்னால் கார்த்தி சொன்னான். சூடத்தை ஏற்றி வைத்துவிட்டு யாரும் கையை நீட்டவில்லையாம். அது தானாக எரிந்து முடியும் வரை நான்கு பேரும் நின்றார்களாம். முடிந்ததும் செல்வி மாமனாரோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வண்டி உடைந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக ஓட்டியது யார் என்பதுதான். நீங்கள் அதைக் கேட்காதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி முதன்முதலில் எந்த நாள் வேறு மாதிரி ஆனது என்று கேளுங்கள். அந்த நாளில் யார் யார் இருந்தார்கள் என்பது தானாக வெளியே வரும். சில சமயம், நாற்காலி போட்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரே அதில் இருப்பார். அவருக்கே அது தெரிந்திருக்காது. அப்போது உங்கள் குரல் உயராமல் இருக்கட்டும்.

வேறு பிளாக் வாங்கி அந்த எஞ்சினை நானே திரும்பக் கட்டினேன். காற்று வடிகட்டியை பானெட்டுக்குள் மேலே ஏற்றி வைத்தேன். கொஞ்சம் சூடான காற்றுதான், பரவாயில்லை.

அடுத்த பங்குனியில் ஒரு மத்தியானம், பாளையம்பட்டி ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி என் கொட்டகைக்கு வந்தார். தலை, சட்டை, வேட்டி எல்லாம் மஞ்சள் சொட்டியது. கிட்ட வந்த பிறகுதான் அண்ணாச்சி என்று தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி இது கோலம்? காரு எங்க?"

"கார்த்திகிட்ட இருக்கு. செல்வி ஊருக்கு வெளிய கம்மாய்க் கரையில நிப்பாட்டியிருக்கான்," என்றார், மீசையிலிருந்து வழிந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே. "நனையிறதுக்கு நாங்க போனோம்."